வால் உள்ள எண்கள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் உங்கள் கொழுந்தனாரும் சௌக்கியம். பெரியவருக்கு முழங்கால் வலி தேவலையா? சின்னவன் உங்களை ரொம்பப் படுத்துகிறானா?

போன் வேண்டாம், இனிமேல் கடிதம்தான் என்று நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. போனை எடுத்தாலே பெரியவர், இவர், சின்னவன் என்று அண்ணன் தம்பி மூன்று பேரும் நடுவில் புகுந்துவிடுகிறார்கள். நேற்றுகூட இவர், "ஓரகத்திங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்க தலையைத்தானே உருட்டறீங்க?" என்றார். கணக்குப் பேசுகிறோம் என்றால் நம்புவாரா மனுஷன்!

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு பட்டியலில் உள்ள எண்களைக் கூட்ட ஒரு புரோகிராம் எழுதுகிறோம் என்று வையுங்கள். முழு எண்ணுக்கு ஒன்று, பின்னத்துக்கு ஒன்று, தசமத்துக்கு ஒன்று என்று அதே வேலையை மூன்று தடவை எழுத வேண்டியிருக்கிறது. அதனால் நான் ஓர் ஒப்பந்தம் எழுதுகிறேன். எண் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உனக்குப் பூஜ்யம் எது? உன்னைக் கூட்டுவது எப்படி, கழிப்பது எப்படி, பெருக்குவது எப்படி? உங்களில் இரண்டு பேரை நிறுத்தினால் யார் பெரியவர்? இதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டால் உள்ளே வரலாம். நீ பின்னமா, கடிகாரத்து மணியா என்று நான் அப்புறம் கேட்கவே மாட்டேன். கூட்டல் புரோகிராமை ஒரு தடவை எழுதினால் எல்லாருக்கும் ஓடும்.

கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, சொன்னபடி நடக்கிறார்களா என்று சோதனையும் உண்டு. இடம் மாற்றிக் கூட்டினாலும், எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் விடை மாறக்கூடாது. பூஜ்யத்தைக் கூட்டினால் எதுவும் ஆகக்கூடாது. ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். ஒன்றில் தவறினாலும் வாசலோடு சரி.

ஜூலையில் இதற்கு முத்திரை வைக்கிறோம். அப்புறம் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது, ஏனென்றால் யார் யாரோ இதை நம்பித் தங்கள் வேலையைக் கட்டியிருப்பார்கள். அதற்குள் விதவிதமான எண்களை வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் லேபில் இருப்பதை அனுப்புங்களேன். நீங்கள் வைத்திருப்பது ஏதோ விசித்திரமான ஜாதி என்று கேள்வி.

உங்கள் அன்பு,
நடு வீட்டுக்காரி

*

ஜனவரி 29

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். பெரியவர் முழங்கால் வலிக்குத் தைலம் தடவி, அந்த வாசனையில் எனக்குத் தலைவலி. சின்னவன் என்னைப் படுத்தவில்லை, நான்தான் அவனைப் படுத்துகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அடி கெட்டிக்காரி! நாங்கள் எல்லாம் எண் என்றால் எழுதிப் பார்த்த பழக்கத்தில் தெரியும் என்று இருக்கிறோம். நீயோ அதை நிற்க வைத்து, நீ யார், உன்னால் என்ன முடியும் என்று கேட்கிறாய். நீ அனுப்பிய சோதனைப் பதிப்பில் பின்னங்களைப் போட்டுப் பார்த்தேன், ஓடியது. அப்படியே கையைத் தூக்கி உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது என் எண்கள். எங்கள் வேலை காற்றில் உள்ள தூசியை எடை போடுவது. பட்டறையில் வேலை செய்கிறவர் இடுப்பில் ஒரு சின்ன பம்ப், சட்டைக் காலரில் ஒரு பில்டர். அவர் இழுக்கிற காற்றையே அதுவும் இழுக்கும். பில்டரைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எடை போடுவோம். வித்தியாசம்தான் தூசி. அதை இழுத்த காற்றின் அளவால் வகுத்தால், அவர் மூச்சில் எவ்வளவு போகிறது என்று தெரியும். எங்கள் தராசு கதவு திறந்தாலே நடுங்குகிற ஜாதி, அதன் முன்னால் நாங்கள் மூச்சைக்கூட ஓரமாகத்தான் விடுவோம். அப்படியும் அது சொல்வது அச்சு அசலான எடை இல்லை. இவ்வளவு, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் என்றுதான் சொல்லும். அந்தக் கொஞ்சத்தை நான் வால் என்பேன். எங்கள் எண் ஒவ்வொன்றுக்கும் வால் உண்டு.

வாலோடு சேர்த்து முழு எண்ணும், தூசி இவ்வளவுதான் இருக்கலாம் என்று அரசாங்கம் வைத்த வரம்புக்குக் கீழே இருந்தால் பட்டறை பாஸ். முழுதும் மேலே என்றால் பெயில். வால் வரம்பின் குறுக்கே விழுந்தால், தெரியவில்லை, மறுபடி எடு என்று அர்த்தம்.

இந்த வால் எண்ணை உன் ஒப்பந்தத்தில் சேர்த்தேன். கூட்டல் பிரமாதம். ஆனால் உன் கடைசிச் சோதனை கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. ஓர் எடையிலிருந்து அதே எடையைக் கழித்தால் எனக்கு வருவது பூஜ்யமும் அதற்கு ஒரு வாலும். இரண்டு வாலும் சேர்ந்துகொள்வதால் முன்னைவிட நீளமான வால். உன் காவல்காரன் வாலை ஏற்க மாட்டேன் என்கிறான். என்ன செய்யட்டும்?

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தைலத்தை மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் வால் எண்ணைக் குழுவில் காட்டினேன். எல்லாருக்கும் ஒரே குஷி. எங்கள் குழுத் தலைவர், "இவங்களை இங்க கூட்டிட்டு வாங்க" என்றார். பெருமை எனக்கு!

உங்கள் சிக்கலைத் தீர்த்துவிட்டேன். ஒரே ஒரு வரிதான் சேர்த்திருக்கிறேன். கழிக்க வந்த இரண்டு எண்ணும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தால், வாலை விட்டுவிட்டுச் சுத்தமான பூஜ்யத்தைக் கொடுத்துவிடும். மற்ற நேரமெல்லாம் நீங்கள் எழுதியது எழுதியபடியே. சோதனை எல்லாம் பாஸ். மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி உங்கள் எண் இப்போது சாதுவாக நிற்கிறது.

மறுப்பு ஏதும் இல்லையென்றால் லேபில் ஓட்டிப் பாருங்கள்.

உங்கள்,
நடு வீட்டுக்காரி

*

மார்ச் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். லேபில் வேலை கழுத்துவரை.

உன் வரியைச் சேர்த்து ஓட்டுகிறோம். முன்பெல்லாம் கையால் வாலைக் கணக்குப் போட்டு, சரி பார்த்து, மறுபடி சரி பார்த்து, சாயங்காலம் ஆகிவிடும். இப்போது பில்டரை வைத்ததும் ரிப்போர்ட் அச்சாகி வருகிறது. எங்கள் தலைவர் யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். அவரே, "உங்க ஓரகத்தி கெட்டிக்காரங்கம்மா" என்றார். ஏதோ நான் பெற்று வளர்த்த மாதிரி தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன்.

சின்னவனைப் பற்றி: கல் வெட்டும் பட்டறையில்தான் இன்னும் இருக்கிறான். சமையல் மேடைக்குப் போடுகிற பலகைக் கல் வெட்டுகிறார்கள். சாயங்காலம் வரும்போது புருவம்கூட வெள்ளை. "பவுடர் செலவு மிச்சம் அண்ணி" என்கிறான். கொஞ்ச நாளாக வறட்டு இருமல். டாக்டரிடம் போகச் சொன்னால் காதில் வாங்குவதில்லை. உன் வீட்டுக்காரரை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல். உன் பேச்சு என்றால் அவரும் கேட்பார், அவர் பேச்சு என்றால் இவனும் கேட்பான்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு சந்தேகம். ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் கட்டாயம் பூஜ்யம்தான் வர வேண்டுமா? உன் ஒப்பந்தத்தில் இதை விட்டுவிட முடியாதா?

ஏன் கேட்கிறேன் என்றால், காலையில் பார்த்த எடை ஒன்று, மாலையில் பார்த்த எடை ஒன்று. பார்வைக்கு ஒரே மாதிரி. ஆனால் இரண்டும் ஒன்றா? இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு ஊசி போட்டுவிட்டால் இன்னொன்றுக்குக் காய்ச்சல் வராமல் இருக்குமா? உன் வரி இரண்டையும் ஒரே பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறது.

ஒரு பட்டறையில் பம்ப் பாதியிலேயே நின்றுவிட்டது. காற்று கொஞ்சம்தான் இழுத்திருக்கிறது, கொஞ்சத்தால் வகுத்தால் வால் பெரிதாகும். பில்டர் எடை காலையில் காட்டியதையே மாலையிலும் காட்டியது. முறைப்படி பார்த்தால், பூஜ்யம், அதற்குப் பெரிய வால், வரம்பைத் தாண்டி விழுகிற வால், மறுபடி எடு என்று வந்திருக்க வேண்டும். வந்தது வாலே இல்லாத பூஜ்யம். தூசி இல்லை, பாஸ் என்று அச்சாகி, முத்திரை விழுந்து, பட்டறைக்காரர் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்களுக்கு வரும்போது பில்டரில் வெறும் நம்பர்தான் இருக்கும், யாருடையது என்று தெரியாது. பழைய முடிவுகளைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. இத்தனை வருஷத்தில் வால் இல்லாத பூஜ்யத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்த வரியை நான் எடுத்துவிட்டேன். ஆனால் போன ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்க வேண்டுமானால், அந்தப் பூஜ்யம் தப்பு என்று உங்கள் பக்கத்திலிருந்து எழுத்தில் வர வேண்டும் என்கிறார் எங்கள் தலைவர். உன்னால் முடியுமா என்று பார்.

சின்னவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான்.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். உங்கள் கடிதம் ஏன் இவ்வளவு வறட்சியாக இருக்கிறது? பெரியவரோடு சண்டையா? சின்னவனுக்கு இருமல் நின்றதா என்று எழுதவே இல்லையே.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தன்னிலிருந்து தன்னையே கழித்தால் பூஜ்யம் வராத ஒன்றை எப்படி அக்கா எண் என்பது? அந்தச் சட்டத்தை நம்பித்தான் பாதிப் புரோகிராம்கள் நிற்கின்றன. சமன்பாட்டைத் தீர்ப்பது, இரண்டு பக்கமும் உள்ளதை அடிப்பது எல்லாம் அதில்தான். அதை எடுத்தால் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

போன வாரம் பெரிய கூட்டம். பல ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். ஒரே ஒப்பந்தம், எல்லா எண்ணும் அதற்குள் என்று நான் காட்டியதும் கைதட்டல். ஒரு பெரிய மனிதர் எழுந்து, "இவ்வளவு சின்னதா, இவ்வளவு அழகா நான் பார்த்ததில்லை" என்றார். அந்தக் கூட்டம் கலைந்த மறு வாரமே, "எங்கள் ஒப்பந்தத்தால் ஒரு பூஜ்யம் தப்பாக வந்துவிட்டது" என்று நான் எப்படி எழுதித் தருவேன்? தப்பு ஒப்பந்தத்தில் இல்லையே, நான் சேர்த்த ஒரு வரியில்தானே? அதைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்களே.

சட்டத்தை எல்லாரும் அப்படியே பின்பற்றுகிறார்களா என்று கேட்டால், உங்களிடம் மட்டும் சொல்கிறேன், இல்லை. கம்ப்யூட்டரின் தசம எண்கள் இருக்கின்றனவே, மூன்று எண்களைக் கூட்டும்போது முதலில் எந்த இரண்டைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடையின் கடைசி இலக்கம் மாறும். சோதனையில் அதற்குக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறோம். என்ன செய்வது, உலகம் முழுக்க அதைத்தான் உபயோகிக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
நடு வீட்டுக்காரி

*

மே 2

தங்கச்சிக்கு,

நலம்.

தசம எண்கள் பெரிய மனிதர்கள், அதனால் அவர்களுக்குச் சட்டம் வளையும். என் எண்ணுக்கு மட்டும் ஏன் விறைத்துக்கொண்டு நிற்கிறது? அவர்கள் சோதனையில் தவறினால் நீ சோதனையைத் திருத்துகிறாய். என் எண் தவறினால் எண்ணைத் திருத்தினாய்.

ஒப்பந்தம் அழகுதான். நானும் கைதட்டியிருப்பேன். ஆனால் அதில் நுழைய என் எண் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா

*

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உங்கள் கடைசிக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினேன், கிடைத்ததா? அதில் இருந்ததெல்லாம் வீம்பு. கிடைக்காமல் போயிருந்தால் நல்லது, கிடைத்திருந்தால் அடுப்பில் போடுங்கள்.

பதில் இல்லையே. இவர் போன் செய்தால் பெரியவர் எடுத்து, "அவ லேப்ல இருக்கா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையுமா லேப்?

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் திட்டாவிட்டால் எனக்குக் கை ஓடவில்லை.

நடு வீட்டுக்காரி

*

ஜூன் 3

அக்கா,

அது சின்னவன் பட்டறையா?

நேற்று இவரிடம் போனில் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறான். "எங்க பட்டறையில தூசியே இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிட்டார். தூசி இழுக்கற மிஷின் வாங்கறேன்னாரே, அதையும் வேண்டாம்னுட்டார்." இவர் அதை ஒரு வேடிக்கை மாதிரி வந்து என்னிடம் சொன்னார். நான் ஓடிப்போய்க் கடிதக் கட்டை அவிழ்த்தேன். ஏப்ரலில் நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். சாப்பிடுகிறான், தூங்குகிறான். அவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள்.

ஏன் அக்கா சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேனே!

ஒன்று மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். தசம எண்கள் பெரிய மனிதர்கள் என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு வீம்புக்கு ஒரு பதில் போட்டேன், அப்புறம் தூக்கம் வரவில்லை. அந்த வாரமே ஒப்பந்தத்தைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டேன். பட்டறை விஷயம் தெரிந்தது நேற்றுத்தான். பயந்து மாற்றவில்லை, நீங்கள் சொன்னது சரி என்று பட்டதால் மாற்றினேன்.

இப்போது ஒரே ஒப்பந்தம் இல்லை. கூட்டத் தெரிந்தவர்களுக்கு ஒன்று. கழித்தால் சுத்தமாகப் பூஜ்யம் ஆகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வரிசையில் நிற்கத் தெரிந்தவர்களுக்கு ஒன்று. எது தெரியுமோ அதில் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும். புரோகிராம் எழுதுகிறவரும் தனக்கு வேண்டியதை மட்டும்தான் கேட்க வேண்டும். பட்டியலைக் கூட்டுகிறவருக்கு எதற்குக் கழித்தல்? உங்கள் வால் எண் முதல் ஒப்பந்தத்தில் தலை நிமிர்ந்து நிற்கிறது. பெரியதா சின்னதா என்று கேட்டால் அது தெரியாது என்று சொல்லலாம். தெரியாது என்பதற்கும் இடம் வைத்திருக்கிறேன்.

இன்று காலை குழுவில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன், பட்டறையைத் தவிர. தலைவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "கைதட்டு வாங்கின பிறகு உடைக்கிறீங்களே" என்றார். சோதனை எழுதும் பெண், அவள் வாயைத் திறந்தே நான் பார்த்ததில்லை, "அந்த வரி வந்த அன்னைக்கே எனக்கு உறுத்துச்சு. உங்க மேல உள்ள மரியாதையில கேக்கலை" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இத்தோடு அறிவிப்பை வைத்திருக்கிறேன். "சோதனைப் பதிப்பில் ஒரே மாதிரியான இரண்டு அளவுகளைக் கழிக்கும்போது வரும் பூஜ்யம் தவறு. அப்படி வந்த முடிவுகளை நம்ப வேண்டாம். பிழை எங்களுடையது." கீழே என் பெயர். எல்லாருக்கும் அனுப்பியாகிவிட்டது. உங்கள் தலைவர் கையில் கொடுங்கள்.

கும்பிட்டுக் கேட்கிறேன், உடனே பதில் எழுதுங்கள்.

*

ஜூன் 12

என் அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம் என்று ஆரம்பிப்பது வழக்கம். எல்லாரும் நலமா என்பது இன்னும் தெரியவில்லை, அதனால் அதை அப்புறம் எழுதுகிறேன்.

ஆமாம், அவன் பட்டறைதான். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் யாருடையது என்று பதிவைத் திறந்தேன். சின்னவன் முதலாளியின் பெயர் இருந்தது. அன்றே எங்கள் தலைவரிடம் சொன்னேன். பட்டறைக்கும் போனேன். முதலாளி சட்டம் போட்ட ரிப்போர்ட்டைக் காட்டி, "உங்க மிஷின்தானேம்மா சொல்லிச்சு? இப்ப மனசு மாறிடுச்சா?" என்றார். மறுபடி பம்ப் வைக்க விடவில்லை. வீட்டுக்கு வந்து சின்னவனிடம், முகமூடி போடாமல் போகாதே என்றேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "உங்க லேபே பூஜ்யம்னு சொல்லியிருக்கு அண்ணி, நீங்க ஏன் பயப்படறீங்க?" அன்று நான் அழுதேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லேபுக்குப் போய்ப் பழைய பில்டரை எல்லாம் திரும்ப எடை போட்டுக்கொண்டிருந்தேன், வேறு எங்காவது இப்படி ஆகியிருக்குமோ என்று. நல்லவேளை, இல்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ அந்த நிமிஷமே எல்லாவற்றையும் உடைத்துப் போடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? ஆனால் உன் குழுவில் என்ன பேசுவார்கள்? கொழுந்தனுக்காக எண்ணை உடைக்கிறாள் என்பார்கள். உன் நியாயம் அங்கே எடுபடாது. எண்ணைப் பற்றிய பேச்சை எண்ணை வைத்தே பேசி உன்னை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்று நினைத்தேன். மே மாதம் வந்த உன் வீம்புப் பதிலிலும் நீ ஒப்புக்கொள்ளவில்லை என்றதும், என்ன எழுதினாலும் பட்டறை வாய்க்கு வந்துவிடும் என்று பேனாவை எடுக்கவே பயமாக இருந்தது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். இன்னொரு காரணமும் உண்டு. அத்தனை பேர் உனக்குக் கைதட்டியிருக்கிறார்கள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் அறிவிப்பை எங்கள் தலைவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "பிழை எங்களுடையதுன்னு யாரும் எழுதி நான் பார்த்ததில்லைம்மா" என்றார். அந்த நிமிஷமே ரிப்போர்ட்டை ரத்து செய்துவிட்டார். அடுத்த வாரம் முழு ஷிப்டுக்கும் பம்ப் வைக்கிறோம். முதலாளி இனி மறுக்க முடியாது.

ஜனவரியில் உன்னைக் கெட்டிக்காரி என்று எழுதினேன். அது சும்மா வாய் வார்த்தை. கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊரே மெச்சின பிறகு, தான் கட்டியதைத் தன் கையாலேயே பிரிக்கிறவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே உடம்புக்குக் குறையில்லை. மனசு மட்டும் அங்கேயே இருக்கிறது. பம்ப் வைத்தீர்களா? என்ன வந்தது? இவர் தினமும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார், தபால்காரர் இவரைப் பார்த்தாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

முத்திரை வைத்தாயிற்று, துண்டு துண்டான ஒப்பந்தத்துக்கு. அந்தப் பெரிய மனிதர் கடிதம் போட்டிருந்தார். முன்பு போல அழகாக இல்லை என்கிறார். இருக்கட்டும். கடிகார எண் எழுதிய பையன் என்னைக் கட்டிக்கொள்ளாத குறை. மணி பதினொன்று பெரியதா ஒன்று பெரியதா என்ற கேள்விக்கு அவன் ஆறு மாதமாக ஏதோ ஒரு பதிலை ஒப்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தானாம். இப்போது அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. எண்களைக் கட்டம் கட்டி அடுக்கிய அணிகளை வைத்து வேலை செய்கிறவரும் அப்படியே. எத்தனை பேர் எனக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள் அக்கா! எதிர்த்துக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். யாராவது இனிமேல் ஓரகத்திகள் ஒத்துப் போக மாட்டார்கள் என்று சொல்லட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

முடிவு எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். இந்தத் தடவை எனக்கும் தாங்குகிற தெம்பு உண்டு.

உங்கள்,
நடு வீட்டுக்காரி

*

செப்டம்பர் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

இப்போது எழுதுகிறேன்: எல்லாரும் நலம்.

முழு ஷிப்டு பம்ப் ஓடியது. பில்டரைக் கையில் எடுத்தபோதே தெரிந்துவிட்டது, அது வெள்ளையாக இல்லை. கணக்குப் போட்டோம், உன் புது ஒப்பந்தத்தில்தான். வாலின் கீழ் நுனிகூட வரம்புக்கு மேலே இருந்தது. மறுபடி எடு என்று சொல்லவே இடமில்லை. பட்டறையை மூடிவிட்டார்கள்.

சின்னவன் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டான். "வேலையைக் கெடுத்துட்டீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை, அதோடு சரி. தட்டை வைத்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். பெரியவர் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். பட்டறை ஆட்கள் எல்லாரையும் டாக்டர் மார்புப் படம் எடுத்துப் பார்த்தார். வயதான இரண்டு பேருக்கு நுரையீரலில் தழும்பு, அவர்களுக்கு வைத்தியம் நடக்கிறது. பல வருஷத் தூசி அது என்றார் டாக்டர். சின்னவனுக்கு இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்றார். இருமல் முக்கால்வாசி நின்றுவிட்டது.

முதலாளி ஒரு வழியாகத் தூசி இழுக்கிற மிஷினை வாங்கி மாட்டினார். வெட்டும்போது ரம்பத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. போன வாரம் பட்டறை திறந்தது. மறுபடி பம்ப் வைத்தோம், வாலோடு சேர்த்து வரம்புக்குக் கீழே. இந்த முடிவை நானே மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சின்னவன் வந்து பின்னால் நிற்கிறான். உனக்கா என்று கேட்டான், ஆமாம் என்றேன். பேனாவைக் கொடுங்க என்கிறான். இத்தனை நாளில் அவனாக வந்து என்னிடம் பேசியது இதுதான். கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா

சின்ன அண்ணி, நான்தான். எனக்கு லெட்டர் எல்லாம் எழுத வராது, தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் என்ன கணக்குப் போட்டீங்கன்னு எனக்கு இன்னும் புரியலை. பெரியண்ணி சொல்லிப் பார்த்தாங்க, வாலு வாலுன்னாங்க. நான் கோவமாத்தான் இருந்தேன். இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு, அதை உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு. எனக்கு எதிர் ரம்பத்துல ஒருத்தர் நிப்பார். நான் சேர்ந்த நாள்லேருந்து அவர்தான். ரம்பம் ஓடினா ஒரு சத்தமும் கேக்காது, தூசியில ஆளும் வெறும் நிழலாத்தான் தெரிவார். இப்ப மிஷின் ஓடுது, எதிர்ல பளிச்சுன்னு தெரியுது. பார்த்தா அவர் வாய் அசைஞ்சுக்கிட்டே இருக்கு. ரம்பத்தை நிறுத்திட்டு என்னண்ணே கேட்டீங்கன்னேன். ஒண்ணுமில்லைடா, பாடறேன்னார். எப்பலேருந்துண்ணேன்னு கேட்டா, தினமும்தான்டா, நீ வந்த நாள்லேருந்துன்னு சொல்றார்.